விற்பனையாகாத சரக்கு: சாயத்தொட்டி உப்பும் ஆற்றின் கணக்கும்

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்தே தீரவேண்டும் என்பது நம் நாட்டுப் பழமொழி. செய்தவனே அதன் பயனை அனுபவிப்பான் என்னும் நீதியை அது உரைக்கின்றது. ஆனால் ஆற்றின் விஷயத்தில் இந்நீதி தலைகீழாகிவிடுகின்றது. மேட்டில் இருப்பவர் உப்பைக் கரைக்கின்றார். பள்ளத்தில் இருப்பவர் அந்தத் தண்ணீரைக் குடிக்கின்றார்.

ஆர்.கே.பேட்டை வட்டாரத்தில் ஓராண்டு நடந்த கூட்டுறவு வார விழாக் கூட்டம் ஒன்று நம் நினைவிற்கு வருகின்றது. நெசவாளர் சங்கத்தாரும் வேளாண்மைக் கடன் சங்கத்தாரும் ஒரே பந்தலில் கூடியிருந்தனர். சாயப்பட்டறைக் கழிவுநீரைப் பற்றிப் பேச்சு எழுந்தது. சாயம் தோய்க்கும் இளைஞர் ஒருவர் எழுந்து, கையோடு கொண்டுவந்திருந்த இரண்டு கண்ணாடிக் குவளைகளை மேசைமீது வைத்தார். ஒன்றில் தொட்டியிலிருந்து எடுத்த சிவந்த நீர். மற்றொன்றில் சுண்ணாம்பும் படிகாரமும் இட்டுத் தெளியவைத்த அதே நீர். இரண்டாவது குவளை ஊற்றுநீரைப்போலத் தெளிந்திருந்தது.

“பெரியப்பா, இதில் சாயம் எங்கே இருக்கிறது? நீங்களே பாருங்கள்” என்றார் இளைஞர்.

முன்வரிசையில் அமர்ந்திருந்த வயது முதிர்ந்த உழவர் எழுந்துவந்து, விரல்நுனியை அதில் நனைத்து நாவில் தொட்டுப் பார்த்தார். “சாயம் இல்லை தம்பி. உப்பு அப்படியே இருக்கிறதே” என்று கூறிவிட்டுத் தம் இடத்திற்குத் திரும்பினார்.

கழிவுநீரை நாவில் வைத்துப் பார்ப்பது தகாது. அப்பணிக்குக் கருவிகள் உண்டு. ஆயினும் அப்பெரியவர் கூறியதில் இவ்விஷயத்தின் சாரம் முழுவதும் அடங்கியிருந்தது. நிறம் கண்ணுக்குத் தெரிவதால் அதனைப் போக்க முயல்கின்றோம். உப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆதலின் அதனை மறந்துவிடுகின்றோம். ஆனால் நிலத்தையும் கிணற்றையும் நீண்டகாலம் பற்றிக்கொள்வது உப்பே ஆகும்.

நூலுக்கு உப்பு எதற்கு?

பருத்தி நூலுக்கு இன்று பெரும்பாலும் இடப்படுவது ரியாக்டிவ் சாயம். நீரில் நனைந்த பருத்தி இழை எதிர்மின் தன்மை கொள்கின்றது. நீரில் கரைந்த சாயமும் அதே தன்மை உடையது. ஒத்த தன்மையுடைய இரண்டும் ஒன்றையொன்று விலக்குகின்றன. உப்பு இடையே புகுந்து அவ்விலக்கத்தைத் தணித்துச் சாயத்தை இழையிடம் சேர்க்கின்றது. பின்னர் சோடா உப்பை இட்டதும் சாயம் இழையோடு பிணைந்துகொள்கின்றது. இரு தரப்பாரையும் சேர்த்துவைத்த தரகர் தம் வழியே போய்விடுவதுபோல, வேலை முடிந்ததும் உப்பு தொட்டி நீரிலேயே தங்கிவிடுகின்றது. சமையல் உப்பாயினும் கிளாபர் உப்பாயினும் இதுவே கதி.

சுண்ணாம்பும் படிகாரமும் நீரில் மிதக்கும் நுண்பொருள்களையும் சாயத்தின் ஒரு பகுதியையும் திரட்டி அடியில் வண்டலாகப் படியச்செய்யும். கரைந்த உப்பை அவை திரட்டமாட்டா. அவையும் நீரில் ஓரளவு கரைவதால், உப்பின் அளவு சிறிது கூடுதலும் உண்டு. ஆகவே தெளிந்த நீரெல்லாம் தூய நீர் என்பது மயக்கமேயாகும்.

சங்கங்களின் கணக்குகளைப் பார்வையிடுவது நம் தொழில். நூல், சாயம், உப்பு, விறகு என ஒவ்வொரு சரக்கிற்கும் இருப்புப் பதிவேடு உண்டு. வாங்கிய நூல் துணியாகி விற்பனைக்குப் போகின்றது. வாங்கிய சாயத்தில் பெரும்பகுதி அத்துணியோடு போகின்றது. ஆனால் உப்பு மட்டும் துணியோடு போவதில்லை. எத்தனை மூட்டை வாங்கினோமோ அத்தனை மூட்டையும் சாக்கடை வழியாக வெளியேறுகின்றது. ஆண்டுத் தொடக்க இருப்போடு கொள்முதலைக் கூட்டி, இறுதி இருப்பைக் கழித்தால் கிடைக்கும் தொகையே நாம் அண்டை நிலத்திற்கு அனுப்பிய உப்பாகும். இதனை அறிய விஞ்ஞானக்கூடம் வேண்டியதில்லை. நம் காரியதரிசியின் பதிவேடே போதும்.

ஒரு சிறு கணக்கு

நூறு கிலோ நூற்சிட்டத்தைக் கைத்தொட்டியில் தோய்க்க, ஒரு கிலோ நூலுக்கு இருபது லிட்டர் வீதம் இரண்டாயிரம் லிட்டர் நீர் பிடிப்பதாகக் கொள்வோம். நடுத்தர நிறத்திற்கு லிட்டருக்கு ஐம்பது கிராம் உப்பு இட்டால் மொத்தம் நூறு கிலோ உப்பாகின்றது. அதாவது நூலின் எடைக்குச் சமமான உப்பு. அடர்ந்த நிறங்களுக்கு இதனினும் கூடும்.

இனி அந்த உப்பைப் பின்தொடர்ந்து வயலுக்குச் செல்வோம். ஓர் ஏக்கரில் ஓர் அங்குல உயரம் நீர் நிறுத்தினால் அது ஏறக்குறைய ஒரு லட்சம் லிட்டர் ஆகும். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஏற்றதெனக் குறித்துள்ள அளவு, ஒரு லிட்டரில் கரைந்துள்ள உப்புகள் 500 மில்லிகிராம். வேறு நீர் கிடைக்காதவிடத்து 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது விதி. லிட்டருக்கு 500 மில்லிகிராம் உடைய நல்ல கிணற்றுநீர் இரண்டு லட்சம் லிட்டரில் மேற்சொன்ன நூறு கிலோ உப்பைக் கலந்தால், அந்நீர் முழுவதும் 1000 மில்லிகிராம் உடையதாகிவிடும். ஒரு தோய்ப்பின் உப்பு இரண்டு ஏக்கருக்கு ஓர் அங்குலம் பாயும் நீரின் உப்பை இரட்டிப்பாக்கப் போதுமானது என்பதே இதன் பொருள்.

பயிர் நீரை உறிஞ்சுகின்றது. வெயில் நீரை ஆவியாக்குகின்றது. உப்போ நிலத்திலேயே தங்குகின்றது. மண்ணில் உப்பு மிகுந்தால், வேர் ஈரத்தின் நடுவே இருந்தும் தாகத்தால் வாடும். உலக உணவு வேளாண்மை நிறுவனத்தின் அட்டவணையில் கரும்பு உப்பை ஓரளவே தாங்கும் பயிராக உள்ளது. மண்ணின் மின்கடத்துத் திறன் 1.7 அலகைத் தாண்டியதும் அதன் விளைச்சல் குறையத் தொடங்குகின்றது. நெல்லுக்கு 3.0, நிலக்கடலைக்கு 3.2. திருவாலங்காட்டுக் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு அனுப்பும் நம் உழவர்கள் இந்த எண்களை மனத்தில் கொள்ளுதல் நலம். அன்றியும், சோடியம் மிகுந்தால் களிமண்ணின் கட்டமைப்புக் குலைந்து, மேல்மண் இறுகி, நீர் உள்ளிறங்காமல் தேங்கும். ஜிப்சம் இடுதல் சோடியத்தை இளக்கித்தரும். இளகியதைக் கழுவிப்போக்க நல்ல நீரும் வடிகாலும் வேண்டும். நல்ல நீரே இல்லாத இடத்தில் எதனைக்கொண்டு கழுவுவது?

நொய்யல் கற்பித்த பாடம்

இவ்வாறு சிறு சிறு தொட்டிகளின் உப்பு ஓர் ஆற்றையே என்ன செய்யும் என்பதற்கு வெகுதூரம் போகவேண்டியதில்லை. வெள்ளியங்கிரி மலையில் தோன்றி, கோவை, திருப்பூர் வழியாக ஓடிக் கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கும் நொய்யலைப் பார்த்தால் போதும்.

திருப்பூரின் பின்னலாடைத் தொழில் 1980களிலிருந்து விரைந்து வளர்ந்தது. அயல்நாட்டுப் பணம் வந்தது. பல்லாயிரம் குடும்பங்கள் பிழைத்தன. சாய, சலவைப் பட்டறைகளின் கழிவுநீர் நொய்யலில் சேர்ந்தது. 1992ஆம் ஆண்டில், சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையத்தில், திருப்பூர், கரூர்ப் பகுதிகளில் பதினாயிரம் ஏக்கர் அளவிற்குப் பாசனம் தருவதற்கென ஓர் அணை எழுந்தது. மழைநீரைத் தேக்க எழுப்பிய அணை சாயநீரைத் தேக்கும் குளமாயிற்று. அணையைச் சூழ்ந்த கிணறுகளும் கெட்டன. தண்ணீர் வேண்டும் என்று வழக்காடும் உழவரை நாம் அறிவோம். இந்தத் தண்ணீர் எங்கள் நிலத்திற்கு வேண்டா என்று ஆயக்கட்டு உழவர்களே கூறும் நிலை அங்கு வந்தது.

நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் சங்கமாகச் சேர்ந்து சென்னை உயர்நீதிமன்றத்தை அணுகினர். 2006 டிசம்பரில், கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறலாகாது என்றும், அந்நிலையை அடையும்வரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் பட்டறைகள் பணம் கட்டவேண்டும் என்றும் நீதிமன்றம் ஆணையிட்டது. 2009 அக்டோபரில் உச்சநீதிமன்றமும் மூன்று மாதத் தவணை அளித்து அதனை வலியுறுத்தியது. தவணைகள் கழிந்தும் முழுமையாக நிறைவேறாமையால், 2011 ஜனவரி 28ஆம் நாள், எழுநூற்றுக்கு மேற்பட்ட பட்டறைகளை மூடுமாறு உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது.

அன்று வேலையிழந்து நின்றவர்களும் தொழிலாளர்களே என்பதை நாம் மறத்தலாகாது. உழவர் நிலத்தை இழந்தார். தொட்டியில் நின்றவர் கூலியை இழந்தார். உப்பின் கணக்கை எவரும் எழுதாமல் விட்டதன் விலையை இருவரும் செலுத்தினர்.

பின்னர் அரசு வட்டியில்லாக் கடன் அளித்து உதவ, பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் சீர்செய்யப்பட்டுப் பட்டறைகள் படிப்படியாக மீண்டும் இயங்கின. அந்நிலையங்களில் நுண்ணுயிர்களைக்கொண்டு மாசைச் சிதைத்தபின், நீரை மெல்லிய சவ்வுகளின் வழியே பேரழுத்தத்தில் செலுத்துகின்றனர். நல்ல நீர் ஒருபுறம் வர, உப்பு மறுபுறம் செறிகின்றது. நல்ல நீர் மீண்டும் பட்டறைக்குப் போகின்றது. செறிந்த உப்புநீரில் ஒரு பகுதியைச் சாயத்தொட்டிக்கே திருப்புகின்றனர். எஞ்சியதைக் கொதிகலன்களில் வற்றச்செய்து உப்பாகத் திரட்டுகின்றனர். நீரில் மிகப்பெரும் பகுதி இவ்வாறு மீள்கின்றது. ஆனால் மின்சாரமும் விறகும் ஏராளமாகச் செலவாகின்றன. எதற்கும் பயன்படாத கலப்பு உப்பு மூட்டைகளாகக் குவிந்து கிடக்கின்றது. நீரிலிருந்து பிரித்தாலும் உப்பு மறைந்துபோகாது. இடம் மாறுகின்றது, அவ்வளவே.

நமக்கு அண்மையிலுள்ள பாலாற்றின் கதையும் இதற்கு வேறானதன்று. தோல் பதனிடும் சாலைகளின் கழிவைப் பற்றி வேலூர்க் குடிமக்கள் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28ஆம் நாள் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே அதன் செலவை ஏற்கவேண்டும் என்பது நாட்டின் சட்டத்தில் ஓர் அங்கம் என்று அத்தீர்ப்பு உறுதிசெய்தது. பழமொழியின் நீதி சட்டத்தின் மூலம் நேராக்கப்பட்டது என்றே கூறலாம்.

ஆற்றுக்கு ஒரு பேரேடு

அயல்நாட்டார் இவ்விஷயத்தில் செய்த ஒரு காரியம் கூட்டுறவாளராகிய நமக்கு மிகவும் நெருங்கியது. ஆஸ்திரேலியாவில் முர்ரே, டார்லிங் என்னும் ஆறுகள் பல மாநிலங்களின் ஊடே ஓடுகின்றன. அங்கு உப்பு பட்டறையிலிருந்து வருவதன்று. பூமிக்கடியில் இயற்கையாகவே உறையும் உப்பு, காடழிப்பினாலும் பாசனத்தினாலும் நிலத்தடி நீர் உயர்ந்தபோது ஆற்றை நோக்கிக் கசிந்தது. கடைமடையிலுள்ள தெற்கு ஆஸ்திரேலியா இதனால் பெரிதும் இன்னலுற்றது.

1988ஆம் ஆண்டில் மாநிலங்கள் ஓர் உடன்பாட்டிற்கு வந்தன. ஆற்றங்கரையில் குழாய்க்கிணறுகள் இட்டு, உப்புநீர் ஆற்றில் சேருமுன் இறைத்துத் தொலைவிலுள்ள ஆவியாக்கும் குட்டைகளுக்கு அனுப்புகின்றனர். இதனினும் முக்கியமானது, ஒவ்வொரு மாநிலத்திற்கும் ஓர் உப்புக் கணக்கு ஏற்பட்டதாகும். ஆற்றில் உப்பைக் கூட்டும் புதிய பாசனத் திட்டம் பற்றெழுதப்படும். உப்பைக் குறைக்கும் வேலை வரவு வைக்கப்படும். வரவு இல்லாதவர் பற்று எழுதுதல் இயலாது. கீழ்ப்பகுதியில் மார்கன் என்னும் ஊரில் நீரின் மின்கடத்துத் திறன் நூற்றில் தொண்ணூற்றைந்து காலமும் 800 அலகிற்குக் கீழ் இருக்கவேண்டும் என்பது அவர்களின் இலக்கு. அது நாம் மேலே கண்ட லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்னும் அளவை ஏறக்குறைய ஒத்தது.

பகைமை பேசிய மாநிலங்களைப் பேரேடு ஒரே மேசைக்குக் கொண்டுவந்தது. உன்னால் கெட்டது, என்னால் கெட்டது என்னும் வாதம் எண்களுக்கு முன் அடங்கிற்று. பற்றும் வரவும் எழுதுவது நமக்குப் புதிதன்று. எழுதவேண்டிய சரக்கு மட்டுமே புதிது.

நம் பக்கத்து நிலைமை

1960 ஏப்ரல் 1ஆம் நாள் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது நிலத்தின்மீது எல்லைக்கோடு விழுந்தது. நீர் அக்கோட்டை அறியாது. ஆந்திரத்திலிருந்து இறங்கும் கொசத்தலை ஆறு பள்ளிப்பட்டு வழியாக வந்து, 1944ஆம் ஆண்டு கட்டப்பட்ட பூண்டி நீர்த்தேக்கத்தை அடைகின்றது. அங்கிருந்து சென்னை மக்கள் குடிநீர் பெறுகின்றனர். எல்லைக்கு அப்பால் நகரி, புத்தூர்ப் பக்கத்திலும், இப்பால் ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டுப் பக்கத்திலும் தறியும் ஏரும் அடுத்தடுத்து வாழ்கின்றன. ஒரே வீட்டில் அண்ணன் தறியிலும் தம்பி வயலிலும் இருப்பதை நாம் காண்கின்றோம்.

நம் ஆறு நொய்யலைப்போல் ஆகிவிட்டது என்று நாம் கூறவில்லை. நொய்யலும் ஒரே நாளில் நொய்யலானதன்று என்பதையே நினைவூட்ட விரும்புகின்றோம். உப்பு தொட்டியில் இருக்கும்வரை அதனை ஒரு மனிதர் கையாளலாம். கிணற்றில் இறங்கியபின் ஓர் ஊரே கூடினும் எளிதில் எடுத்தல் இயலாது. ஆதலின் கட்டுப்பாடு தொட்டியருகிலேயே தொடங்கவேண்டும். நம் சங்கங்கள் செய்யத்தக்கவை சில உள.

முதலாவது, அளத்தல். சட்டைப்பையில் அடங்கும் டி.டி.எஸ். கருவி ஒன்றைச் சங்கம் வாங்கிவைக்கலாம். கோடையில் ஒருமுறையும் வடகிழக்குப் பருவமழைக்குப் பின் ஒருமுறையும், குறித்த கிணறுகள், ஏரி, ஓடை ஆகியவற்றின் நீரை அளந்து தேதியோடு பதியவேண்டும். ஓர் ஆண்டின் எண் அதிகமாக ஒன்றும் சொல்லாது. ஐந்து ஆண்டின் எண்கள் உண்மையைச் சொல்லிவிடும்.

இரண்டாவது, உப்புக் கணக்கு. சாயம் தோய்க்கும் ஒவ்வொரு சங்கமும் ஆண்டில் எத்தனை கிலோ நூலுக்கு எத்தனை கிலோ உப்புச் செலவாயிற்று என்பதைப் பேரவையின் ஆண்டறிக்கையில் ஒரு வரியாகச் சேர்க்கவேண்டும்.

மூன்றாவது, குறைத்தல். உப்பை முறத்தால் அள்ளிக் கொட்டாமல் தராசில் நிறுத்து இடவேண்டும். ஒரு கிலோ நூலுக்கு இருபது லிட்டர் நீர் பிடிக்கும் தொட்டிக்குப் பதிலாகப் பத்து லிட்டரில் தோய்க்கும் சாதனம் வந்தால், அதே நிறத்திற்கு உப்பு ஏறக்குறையப் பாதியாகும்; நீரும் விறகும் மிச்சமாகும். குறைந்த உப்பிலேயே ஏறும் ரியாக்டிவ் சாயங்களும் கடையில் கிடைக்கின்றன. விலை சிறிது கூடினும் உப்புச் செலவையும் கழிவுநீர்ச் செலவையும் சேர்த்தே ஒப்பிடவேண்டும்.

நான்காவது, பிரித்தல். உப்பின் பெரும்பகுதி முதல் தோய்ப்பு நீரில் இருக்கின்றது. பின்னர் அலசும் நீர் அளவில் மிகுதி, உப்பில் குறைவு. இரண்டையும் ஒரே சாக்கடையில் விடுவதால் சிறிய சுமை பெரிய சுமையாகின்றது. தோய்ப்பு நீரைத் தனியே பிரித்துவிட்டால், கசிவற்ற தளமிட்ட தொட்டிகளில் வெயிலில் வற்றவைப்பதோ பொது நிலையத்திற்கு அனுப்புவதோ எளிதாகும். இவற்றையெல்லாம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவோடும் யோசனையோடுமே செய்யவேண்டும். இசைவின்றிச் சாயப்பட்டறை நடத்துவது சட்டப்படி குற்றம் என்பதை அங்கத்தினர்கள் அறிவார்கள்.

ஐந்தாவது, கூடிச்செய்தல். தனிப்பட்ட ஒரு பட்டறையால் சவ்வும் கொதிகலனும் அமைத்தல் ஆகாத காரியம். பலர் பங்கு சேர்த்து ஒரு பொது நிலையம் அமைப்பது கூட்டுறவின் இலக்கணத்திற்கே உரியது. அதன் செலவைத் துணியின் விலையில் ஏற்றத்தான் வேண்டும். லுங்கி ஒன்றிற்குச் சிறிது விலை கூடுமே என்று அஞ்சுவோர், அந்தச் செலவு இப்பொழுதும் இல்லாமலில்லை என்பதை எண்ணவேண்டும். அதனைத் துணி வாங்குவோர் கொடுக்காததால், கிணறு வைத்திருப்பவர் கொடுத்துவருகின்றார்.

அன்றைய கூட்டம் முடிந்தபோது இரண்டு குவளைகளும் மேசைமீது அப்படியே இருந்தன. சாயம் தோய்க்கும் இளைஞர் அவற்றை எடுத்துக்கொண்டு பெரியவரிடம் சென்று, “உங்கள் கிணற்றுத் தண்ணீரில் ஒரு குவளை கொடுங்கள், பெரியப்பா. அதையும் பக்கத்தில் வைத்து அளந்து பார்த்துவிடுவோம்” என்றார். பெரியவர் தலையசைத்தார். இருவரும் பேசிக்கொண்டே பந்தலை விட்டு வெளியேறினர்.

மூன்றாவது குவளை வைக்கப்படாத வரையில் வாதம் மட்டுமே நடக்கும். அதனை வைப்பதற்கு ஒவ்வொரு சங்கமும் வருகின்ற பேரவைக் கூட்டத்திலேயே தீர்மானம் நிறைவேற்றுமாயின், உப்பைக் கரைத்தவரும் தண்ணீர் குடிப்பவரும் ஒரே கணக்கைப் பார்க்கும் நாள் நமக்குத் தொலைவில் இல்லை.